மயிலிட்டிக் கோயிற்பற்றிற் சில காணிப்பெயர்கள்

யாழ்ப்பாணத்துக் காணியுறுதி எதனை எடுத்து விரித்தாலும் அதன் முகப்பு வாசகம் ஒரே வாய்பாட்டில் அமைந்திருத்தலைக் காணலாம். வடமாகாணம், யாழ்ப்பாண மாவட்டம், வலிகாமம் வடக்கு, மயிலிட்டிக் கோயிற்பற்று, இன்ன ஊர் எனப் பெரிய இடத்திலிருந்து சிறிய இடத்துக்குப் படிப்படியாக இறங்கிவரும் அவ்வாசகம், ஈற்றில் ஒரு சிறு பெயரின்மேல் வந்து நிற்கும். 'இலந்தைக்கலட்டி என்னும் பெயருள்ள காணி பரப்பு ஆறு' என்றோ, 'நாவலடிப்புலம் என்னும் பெயருள்ள காணியில் மூன்றிலொரு பங்கு' என்றோ அது முடியும். அதற்கு மேலேயுள்ள பெயர்கள் யாவும் நிலப்படங்களில் உண்டு. அச்சிறு பெயரை மட்டும் அங்கே தேடிக் காண இயலாது. அது உறுதியில் இருக்கும். இல்லையேல் ஊரிலுள்ள முதியவர் ஒருவரின் வாயில் இருக்கும். கடந்த இரண்டு விடுமுறைகளிலும் அத்தகைய பெயர்களை நான் ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். அவ்வேலையிற் கண்டனவும் கேட்டனவுமாகிய சிலவற்றை ஈண்டுக் கூற விழைகின்றேன்.

கோயிற்பற்று என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவர் பலர் சைவக் கோயிலொன்றின் சுற்றாடலை நினைப்பர். அச்சொல்லின் பிறப்பு வேறு. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் தமது தேவாலயங்களை நடுவாக வைத்து நாட்டைப் பகுத்தனர். 1658 இல் அவர்களை வெளியேற்றிய ஒல்லாந்தர் சமயப் பிரிவை மாற்றினரேனும் அப்பகுப்பைக் கைவிட்டாரல்லர். அதே தேவாலயங்களைத் தம் சபைக்குரியனவாக்கி, அவற்றோடு பாடசாலைகளையும் நடத்தி, குடிகளையும் காணிகளையும் தோம்புகளிற் பதிந்தனர். யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பல்தேயு பாதிரியார் 1672 இல் வெளியிட்ட நூலிலே மயிலிட்டித் தேவாலயமும் பேசப்படுகின்றது. பின்வந்த ஆங்கிலேயர் காலத்து நொத்தாரிசுமாரும் அவ்வாய்பாட்டையே பேணினர். ஆகவே, நாள்தோறும் பிள்ளையாரை வணங்கிய என் பேர்த்தியின் சீதனவுறுதியும், அவர் ஒருநாளும் அடிவைத்திராத ஒரு தேவாலயத்தின் பற்றுக்குள்ளேயே அவரது வளவைக் கொண்டுபோய் இருத்துகின்றது. இதனை அவரிடம் கூறியபோது அவர் சிறிதும் வியந்தாரில்லை. "எழுதுறவன் என்னத்தையும் எழுதுவான் பிள்ளை, காணி இருந்த இடத்திலைதானே இருக்கும்" என்றார். காணி இருந்த இடத்தில் இருப்பது எத்துணை அரிய செய்தி என்பதை அவ்வாண்டிலேதான் நாங்கள் இருவரும் ஒன்றாகக் கண்டோம்.

இடப்பெயராய்வு எம்மிடையே புதிய துறையன்று. ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேய நிருவாகி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வன்னியின் இடப்பெயர்களை ஆராய்ந்துள்ளார். எம்மவருட் பேராசிரியர் இ. பாலசுந்தரம் முதலானோர் இத்துறையில் உழைத்தனர். கோப்பாய், மானிப்பாய், சண்டிலிப்பாய் என வருவனவற்றின் 'பாய்' எதனைக் குறிக்கும். இணுவில், உடுவில், கொக்குவில் என்பனவற்றின் 'வில்' நீர்நிலையா. இவ்வீறுகள் எம்மொழிக்கு உரியன என்றெல்லாம் நூல்களும் கட்டுரைகளும் பல எழுந்துள்ளன. அவ்வினாக்களின் பின்னே, இந்நிலம் முதலில் எவருடையது என்ற மற்றொரு வினா எப்பொழுதும் நிற்பதனால், அவற்றிற்கு விடை கூறுவோரின் குரல் உயர்ந்துவிடுகின்றது. ஊர்ப்பெயர்கள் அந்த வழக்கிற் சாட்சிக்கூண்டில் ஏற்றப்பட்டு நெடுங்காலமாகின்றது. நான் எழுத முயன்றவை அவற்றினும் சிறியவை. ஒரு குடும்பம் கத்தரியும் மரவள்ளியும் நட்ட நிலத்தின் பெயருக்காக எவரும் மேடை ஏறுவதில்லை. நீதிமன்றப் படிகளில் ஏறுவர்; அது யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதுமன்று.

எங்களூர் 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெறுமையாயிற்று. வலிகாமம் வடக்கின் ஏனைய ஊர்களைப் போலவே அதுவும் உயர்பாதுகாப்பு வலயத்தினுள் அகப்பட்டது. நான் பிறப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே என் குடும்பம் மல்லாகத்தில் ஒரு வாடகை வளவிற்கு வந்துவிட்டது. 2015 இன் பின் படிப்படியாக விடுவிக்கப்பட்ட நிலங்களுள் எங்கள் குறிச்சியின் ஏறத்தாழ ஒரு பாதி அடங்கும். மற்றைப் பாதி முட்கம்பி வேலிக்கு அப்பால் இன்றும் கிடக்கின்றது.

மீண்டுவந்த நிலத்தைக் கண்டவர் அறிவர். யாழ்ப்பாணத்துக் குடியிருப்பு என்பது வேலிகளால் ஆனது. கதியாலும் பூவரசும் கிளுவையும் நாட்டி, கிடுகோ பனையோலையோ அடைத்து, ஒவ்வொரு வளவும் தன்னைத் தானே வரைந்துகொள்ளும். அந்த வேலிகள் இல்லாதபோது நிலம் ஒரே தரவையாகத் தோன்றுகின்றது. எங்கள் குறிச்சியில் வீடுகள் இடிக்கப்பட்டுக் கல்லும் ஓடும் அகற்றப்பட்டிருந்தன. மரங்கள் பல இல்லை. புதியனவாக நாயுண்ணியும் விளாத்தியும் வேம்பும் காடாகி நின்றன. கிணறுகளுட் சில கல்லும் மண்ணும் நிரப்பித் தூர்க்கப்பட்டிருந்தன. ஒழுங்கைகள் மறைந்து, முன்பு இல்லாத திசையில் ஒரு கனரக வண்டிப் பாதை ஓடிற்று. இந்நிலத்தில் ஒருவர் தமது ஆறு பரப்பை எவ்வாறு இனங்காண்பது? உறுதி இருந்தாலும் அதன் எல்லைகள் மனிதரின் பெயர்களாலே கூறப்பட்டுள்ளன. கிழக்கு இன்னார் பெண்சாதி இன்னார், வடக்கு ஒழுங்கை, மேற்கு இன்னாரும் பங்காளரும், தெற்கு இன்னார் என்று 1938 இல் எழுதிய வாசகம் அது. அம்மனிதர் அனைவரும் காலமாயினர். அவர்தம் பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கின்றனர். ஒழுங்கையோ இல்லை. எஞ்சியது காணியின் பெயர் ஒன்றே.

எனக்குப் பெயர்களைத் தந்தவருள் முதன்மையானவர் என் அம்மம்மா. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னரே உணர்ந்தேன். தொடக்கத்தில் நான் ஊர்ப் பெரியவர்களாகிய ஆண்களையே நாடினேன். உறுதிகளை வைத்திருப்பவர் அவர்கள். விதானையாரோடும் நொத்தாரிசோடும் பேசியவர் அவர்கள். ஆயினும் அவர்கள் தத்தம் காணிகளின் பெயர்களுக்கு அப்பால் மிகுதியாக அறிந்திருக்கவில்லை. முதிய பெண்களோ அயற்காணிகள் அனைத்தின் பெயர்களையும் தொடர்ச்சியாகக் கூறினர். எங்கள் தேசவழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்து மூவகைப்படும். 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த சட்டக் கோவையிலும் இப்பாகுபாடு உண்டு. சீதனம் தாயிடமிருந்து மகளுக்கு வருவது. பெண் தாய்வளவிலோ அதன் அயலிலோ இருந்துவிட, மாப்பிள்ளை வேற்றூரிலிருந்து வந்து சேர்வது எம்மூரிற் பெருவழக்கு. என் அம்மம்மாவும் அவர் தாயாரும் அவர்தம் தாயாரும் அரை மைல் வட்டத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றனர். தண்ணீருக்கும், ஆட்டுக்குக் குழை ஒடிக்கவும், மூளாத அடுப்புக்கு நெருப்பெடுக்கவும், செத்தவீட்டுக்கும், அவர்கள் நடந்த நடையிலே பெயர்கள் பதிந்திருந்தன. என் அம்மப்பாவோ அளவெட்டியிலிருந்து வந்தவர். நாற்பது ஆண்டு அங்கே கமம் செய்தும், இறக்கும்வரை 'அந்தத் தெற்குக் காணி' 'இந்த வடக்குக் காணி' என்றே அவர் பேசினாராம். ஊர்ச் சரித்திரம் எழுதுவோர் முதலில் வாசிகசாலைக்கும் கோயில் தருமகர்த்தாவிடமும் செல்வதை விட்டு, குசினிக்குள் செல்வாராயின் பயன் மிகும் என்பது என் எண்ணம்.

அம்மம்மாவிடமிருந்து பெயர்களைப் பெறுதற்கும் ஒரு முறை தேவைப்பட்டது. 'உங்கள் ஊரிற் காணிப்பெயர்கள் எவை' என்று வினவியபோது நாலைந்து பெயர்களோடு நின்றுவிட்டார். 'கலட்டி என்று முடிவன எவை' என்று பாகுபடுத்திக் கேட்டபோது சினந்தார். ஒருநாள் மாலை, 'உங்கள் வீட்டுப் படலையிலிருந்து பிள்ளையார் கோயிலடிக்கு எப்படிப் போவீர்கள்' என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். படலை திறந்தார்; வலக்கைப் பக்கம் 'மாவடிவளவு', இடக்கைப் பக்கம் 'சின்னத்தறை', அதைத் தாண்ட 'பெரியதறை', பிறகு ஒரு கடவை, கடவையால் ஏறினால் 'இலந்தைக்கலட்டி', அதன் மூலையில் ஆவுரஞ்சிக்கல். அன்று மாலை மாத்திரம் முப்பத்திரண்டு பெயர்களை எழுதினேன். கோயிலில் விளக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு வேறு வழியால் வீட்டுக்குத் திரும்பினார். அவ்வழியில் இன்னும் பதினொன்று கிடைத்தன.

ஆனால் அவரை மெய்யாகவே அவ்வூருக்கு அழைத்துச் சென்றபோது அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெயிலில் நின்று நாற்றிசையும் பார்த்தார். 'இது எங்கடை ஊரில்லை' என்றார். மல்லாகத்துத் திண்ணையில் கண்மூடி நடந்தவர், தம் சொந்த நிலத்திற் கண் திறந்து வழி தவறினார். இறுதியில் உதவியது ஒரு கல். மாடுகள் உடம்பு உரஞ்சுவதற்காக முன்னோர் நாட்டும் ஆவுரஞ்சிக்கல், பற்றைக்குள்ளே சாய்ந்து கிடந்தது. ஒருவருக்கும் பயன்படாதது என்று விட்டனரோ, தூக்க முடியாதென்று விட்டனரோ அறியோம். அதன்மேற் கைவைத்து நின்றதும் அம்மம்மாவின் வாயிற் பெயர்கள் மறுபடியும் வரிசையாய் வந்தன.

எழுதிய பெயர்கள் நூற்றுக்கு மேற்பட்டன. அவற்றின் ஈறுகளை நோக்கினால் எம்மூர் நிலத்தின் இயல்பு புலனாகும். கலட்டி என்பது சுண்ணக்கல் மேலெழுந்து, மண் மெல்லியதாய்ப் படர்ந்த நிலம். எங்கள் குறிச்சியிற் கலட்டி எனப் பெயர்பெற்ற காணிகளுட் சில இன்று நல்ல செம்மண் தோட்டங்களாய் உள்ளன. பெயர் பொய்யாயிற்றோ என ஐயுற்றேன். அம்மம்மா விளக்கினார். அலவாங்கு கொண்டு கல்லைக் கிளப்பி, கிளப்பிய கல்லால் எல்லை மதில் கட்டி, வண்டிலில் மண் ஏற்றிவந்து பரப்பி, இரண்டு தலைமுறை பாடுபட்டே அவற்றைப் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் உரிய தறைகளாக்கினர் என்றார். நிலம் மாறிவிட்டது, நிலம் முன்பு எத்தகையதாயிருந்தது என்பதைப் பெயர் விடாது பிடித்துக்கொண்டிருக்கின்றது. புலம் என்பது வயலையும் தோட்டத்தையும் சுட்டும் பழஞ்சொல். சீமா என்பது எல்லையெனப் பொருள்தரும் வடசொல்லிலிருந்து வந்தது. குண்டு என்பது நிலம் தாழ்ந்து கிண்ணம்போற் கிடக்கும் இடம். அடியிலுள்ள சுண்ணக்கல் கரைந்து அமிழ்ந்ததனால் உண்டாவது. குண்டுகள் சிலவற்றில் பேய் உறையும் என்று பிள்ளைகளை வெருட்டி வைத்திருந்தனர். ஆழந்தெரியாத நீரண்டையிற் பிள்ளைகள் போகாதிருக்க அதனினும் மலிவான வேலி இல்லை.

இவற்றுள் ஓடை என்னும் ஈறு தனியே கூறத்தக்கது. ஆறில்லா ஊரில் ஓடை ஏன் என்று வெளியூரார் வினவுவர். கார்த்திகை, மார்கழி மாரியில் மேட்டிலிருந்து வெள்ளம் இறங்கும் தடத்துக்கே அப்பெயர். மற்றைய பத்து மாதமும் அது வறண்ட நிலமேயாதலின், பெயர் தெரியாதவர்க்கு அது வெறுங்காணி. முன்னோர் அத்தடத்தில் வீடு கட்டவில்லை. மாடு கட்டினர், வைக்கோல் வைத்தனர். மீள்குடியேற்றத்தின் பின் வீட்டுத்திட்டத்திற் கட்டிய வீடுகள் இரண்டு இன்று சரியாக ஓடையின் நடுவே நிற்கின்றன. அவற்றில் இருப்போர் வேற்றூரிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். தம் பேரனார் அந்நிலத்தை ஏன் வெறுமையாய் விட்டிருந்தார் என அறியார். சென்ற மாரியில் அவர்தம் அடுப்படிவரை வெள்ளம் ஏறிற்று. உறுதியில் அக்காணியின் பெயர் 'ஆலங்குழாயோடை' என்றே எழுதப்பட்டிருக்கின்றது. உறுதியை வைத்திருந்தவர் அதனை வாசிக்கவில்லை எனக் குறைகூற மாட்டேன். உறுதி ஆங்கிலத்தில் இருந்தது.

ஆங்கில எழுத்து எங்கள் பெயர்களுக்குச் செய்த தீங்கைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதலாம். அவ்வெழுத்தில் லகர ளகர ழகர வேறுபாடும், னகர ணகர நகர வேறுபாடும், குறில் நெடிலும் பெரும்பாலும் அழிந்துபோகின்றன. பள்ளமும் பழமும் பாலமும் ஒரே முகங்கொண்டு நிற்கும். அத்தகைய எழுத்தினின்று தமிழுக்கு மீட்டுப் பெயர்ப்போர் ஊரவரைக் கேளாது தம் ஊகத்தால் எழுதுவர். எங்கள் குறிச்சியிற் 'புளியடி' என ஓர் இடம் உண்டு. காணிகளின் பட்டியலொன்றில் அது ஆங்கிலத்திற் சென்று தமிழில் 'புலியடி' என்று திரும்பி வந்தது. பிறிதோர் ஊரிலாயின் சிரித்துவிட்டு அப்பாற் செல்லலாம். எங்களூரிலே, அந்தப் பட்டியலைக் கையிற் பிடித்துக்கொண்டு வேலியோரத்து வாயிலில் நின்று, 'ஐயா, அது புளியமரம்' என்று விளங்கப்படுத்தும் நிலை என் மாமாவுக்கு நேர்ந்தது. அவரும் இப்போது சிரித்தே அக்கதையைச் சொல்கின்றார். அன்று சிரித்தாரா என நான் கேட்கவில்லை.

அளவையும் பெயரைப் போலவே பழமையைச் சுமந்து நிற்கின்றது. எங்கள் பரப்பு இரு வகைப்படும். நெற்பரப்பு பன்னிரண்டு குழி. வரகுப்பரப்பு பதினெட்டுக் குழி. முன்னையது இருபத்துநான்கும் பின்னையது பதினாறும் ஓர் ஏக்கராகும். எங்கள் குறிச்சி முழுவதும் வரகுப்பரப்பிலேயே அளக்கப்படுகின்றது. வரகு விளைந்ததை அம்மம்மாவே தம் சிறுவயதிற் சிறிது கண்டிருக்கின்றார். என் அம்மா கண்டதில்லை. நானோ வரகரிசியைக் கடையிற் பொதிசெய்து விற்கக் கண்டேன், அதுவும் நீரிழிவுக்காரருக்கு நல்லதென்ற விளம்பரத்தோடு.

இனி, எழுதத் தயங்கிய ஒரு பெயரைப் பற்றிக் கூறவேண்டும். ஆள்களின் பெயரால் வழங்கும் காணிகள் பல. 'முதலியார்வளவு' என்று ரகர ஒற்றோடு மதிப்பாய் முடிவனவும் உண்டு. 'வேலன்சீமா' என்றாற்போல னகர ஒற்றோடு முடிவனவும் உண்டு. இதனைக் கண்டவுடன் முன்னையது உயர்ந்தோரின் நிலம், பின்னையது தாழ்த்தப்பட்டோரின் நிலம் என முடிவுகட்டுதல் எளிது. அம்முடிவு எப்போதும் பொருந்தாது. பழைய ஆவணங்களில் நிலவுடைமையாளரே வேலன், கதிரன், நாகன் என்று வெறும் பெயராற் காணப்படுவதுண்டு. மரியாதை விகுதி பின்னரே அவர்களுக்கு ஏறிற்று. ஆயினும் சில பெயர்களில் இழிவு இருப்பது இலக்கணத்தால் அன்றி வழக்கால் தெரிகின்றது. ஊரின் மேற்கெல்லையில் நான்கு பரப்புக் காணியுள்ள முதியவர் ஒருவரிடம் சென்றிருந்தேன். தேநீர் தந்தார். அயற்காணிகளின் பெயர்களையெல்லாம் கிணறும் மரமும் சுட்டிக் கூறினார். அவருடைய காணியின் பெயரைக் கேட்டபோது பேச்சு நின்றது.

"அது உறுதியிலை இருக்கு தங்கச்சி. என்ரை வாயாலை வராது" என்றார்.

சற்றுநேரம் கழித்து அவரே காரணத்தைக் கூறினார். அவரது பேரனார் பிறர் நிலத்தில் வேலைசெய்தவர். அவரை நிலக்காரர் குடும்பம் சுருக்கி விளித்த ஒரு பெயர், அவர் காசு சேர்த்து அக்காணியை வாங்கியபோது காணிக்கும் ஏறி, உறுதியிலும் ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்திற் பிள்ளைகள் அப்பெயரைச் சொல்லித் தம்மைப் பழித்ததுண்டு என்றார். "நாங்கள் பூவரசடி எண்டுதான் சொல்லுறனாங்கள். வேலிப் பூவரசு முழுக்க ஐயா வைச்சது" என்றும் கூறினார்.

என் கொப்பியில் அக்காணி 'பூவரசடி' என்றே இருக்கின்றது. அருகில் 'பிறிதொரு பெயர் உறுதியிற் காண்க' என்று மட்டும் எழுதியுள்ளேன். இதனை அறிந்த என் நண்பர் ஒருவர், ஆய்வாளர் உள்ளதை உள்ளவாறு பதியக் கடமைப்பட்டவர் என்றும், இழிபெயரை மறைத்தல் இழிவு செய்தவரைக் காப்பதாகும் என்றும் வாதாடினார். அவ்வாதத்தில் வலிமை உண்டு. ஆனால் அப்பெயர் உறுதியில் இருக்கின்றது, அஃது அழியப்போவதில்லை. அழியக்கூடியது 'பூவரசடி'தான். அதை அம்முதியவரும் அவர் பிள்ளைகளும் தவிர ஒருவரும் வழங்கவில்லை. எதை எழுதினால் எது மிஞ்சும் என்று பார்த்தே எழுதினேன்.

எங்கள் சொந்தக் காணிக்கும் இப்பெயர்கள் உதவ நேர்ந்தது. அம்மம்மாவின் 'நாவலடிப்புலம்' எனக்கென்று பேசப்பட்ட காணி. அதன் கிழக்கு அயலார் வெளிநாட்டில் வாழ்கின்றனர். அவர்களுடைய அற்றோணித் தத்துவகாரர் வந்து தூண் நாட்டியபோது எங்கள் பக்கம் மூன்று குழி அளவு உள்ளே வந்துவிட்டது என்பது என் மாமாவின் முறைப்பாடு. நாங்கள்தாம் முன்னர் அவர்கள் பக்கம் நெருங்கியிருந்தோம் என்பது அவர்களின் மறுமொழி. இரு தரத்தாருடைய உறுதிகளிலும் ஒரு சொற்றொடர் ஒத்திருந்தது. காணியின் மூலையிலுள்ள பங்குக்கிணற்றில் நாலிலொரு பங்கும், வழி வாய்க்காற் பாத்தியமும் என்பதே அது. கிணறு அகப்பட்டால் மூலை அகப்படும். ஆனால் கிணற்றை எங்கும் காணவில்லை.

அம்மம்மாவை ஆவுரஞ்சிக்கல்லின் அருகில் ஒரு கதிரையில் இருத்தினோம். அவர் கண்ணை மூடிப் பெயர்களைச் சொல்லச்சொல்ல, நான் காலடி எண்ணித் தெற்கே நடந்தேன். கல்லடியிலிருந்து இலந்தைக்கலட்டியின் நீளம், பிறகு கடவை, பெரியதறை, சின்னத்தறை, பிறகு நாவல். அயலாரின் பிரதிநிதியும் கூட நடந்தார். அவர் இளைஞர், கைத்தொலைபேசியில் எதையோ குறித்துக்கொண்டே வந்தார். அம்மம்மா சொன்ன இடத்தில் பெக்கோவால் அகழ்ந்தபோது வெறும் மண் வந்தது. மேற்கே எட்டு அடி தள்ளி மறுமுறை அகழ்ந்தபோது துலா நாட்டிய ஆடுகாலின் அடிக்கல்லும், பின் கிணற்றுக்கட்டின் வளைந்த விளிம்பும் வெளிப்பட்டன. அவ்விடம் அவர்கள் நாட்டிய தூணின் வரியிலும் இல்லை. என் மாமா இழுத்த கயிற்றின் வரியிலும் இல்லை. எங்களுக்கு மூன்று குழி கிடைக்கவில்லை. ஒன்றேகால் குழியளவே கிடைத்தது. இரு தரத்தாரும் நில அளவையாளரை அழைத்து அந்த விளிம்பிலிருந்தே அளப்பித்தனர். புதிய படத்தில் அக்காணியின் பெயரைத் தமிழ் எழுத்திலும் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் இசைந்தார், எழுத்துப்பிழை நேராதிருக்க என்னையே எழுதித் தருமாறும் கேட்டார்.

வேலிக்கு அப்பாலுள்ள பாதியைப் பற்றிக் கூறவேண்டியது இன்னும் உண்டு. இப்பகுதி நிலத்தை இழந்தது 1990 இல் முதன்முறையாக அன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேய விமானப்படை பலாலியில் ஓடுபாதை அமைத்தபோதே சில குடும்பங்களின் காணிகள் அதன்கீழ்ப் போயின. அக்காணிகளின் பெயர்களை அம்மம்மா தம் தாயார் சொல்லக் கேட்டிருக்கின்றார். ஐந்து பெயர்கள் மட்டும் நினைவில் உள்ளன. அவற்றையும் எழுதினேன். காங்கேசன்துறையில் 1950 இல் உற்பத்தி தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்காகக் கல் அகழ்ந்த பக்கத்தில், பெயர் இருக்க நிலமே இல்லாது போன இடங்களும் உண்டென்று அவ்வூரவர் கூறுவர். அங்கே இன்று பெருங்குழிகளில் நீர் நிற்கின்றது.

வேலிக்கப்பாலுள்ள எங்கள் குறிச்சிப் பகுதிக்கு அம்மம்மா நாற்பத்தொரு பெயர்கள் தந்தார். அப்பகுதியிலேயே பிறந்து, நெடுங்காலம் கோணப்புலம் முகாமில் வாழ்ந்த மற்றொரு மூதாட்டியிடமும் சென்று கேட்டேன். முகாமின் பெயரும் ஒரு காணிப்பெயரே என்று நான் சொன்னபோது, 'அந்தப் புலத்திலை எனக்கென்ன புலம் இருந்தது' என்று கடிந்துகொண்டார். அவரும் கண்மூடியே நடந்தார். பெயர்கள் பெரும்பாலும் ஒத்தன. அம்மம்மா அறியாத ஆறு பெயர்களும் கிடைத்தன. ஆனால் கோயிற் கேணியைத் தாண்டியபின் 'வாகையடி' முதலில் வருமா, 'தவளைக்குண்டு' முதலில் வருமா என்பதில் இருவரும் மாறுபட்டனர். இருவரையும் ஒருநாள் எங்கள் வீட்டில் எதிரெதிரே இருத்தினேன். மாலைவரை வாதிட்டனர். தன் தமையன் தவளைக்குண்டில் விழுந்து காலொடித்தபோது வாகைமரத்தின் நிழலிலேயே கொண்டுவந்து கிடத்தினர் என்று ஒருவர். அந்த வாகை வேறு, அது சந்தியில் நின்ற வாகை என்று மற்றவர். ஈற்றில் வெற்றிலை போட்டுக்கொண்டு, தம்மோடு படித்தவர்களில் எவர் எவர் இருக்கின்றனர் என்ற கணக்குக்குப் போய்விட்டனர்.

வேலியின் இப்புறம் நின்று எட்டிப் பார்த்தால் அங்கே இரண்டு பெருமரங்கள் தெரிகின்றன. அவற்றுள் ஒன்று வாகைபோற் தோன்றுகின்றது. அத்தூரத்தில் நிச்சயிக்க முடியவில்லை. கொப்பியில் அம்மம்மாவின் வரிசையை இடப்பக்கத்திலும் அம்மூதாட்டியின் வரிசையை வலப்பக்கத்திலும் எழுதி, இருவரின் வயதையும் நாளையும் குறித்து வைத்திருக்கின்றேன்.